வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு நாள்



அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போல் பத்து மடங்குக்குப் போவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காயின்மேல் உள்ள ஆசையினால் யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. கூடியிருப்பதில் ஒரு சந்தோஷம், கொடுப்பதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். பள்ளிக்கூடங்களில் நடத்தப்படும் பலகை விளையாட்டு நாளும் இதே வகையைச் சேர்ந்தது. பாம்பும் ஏணியும், தாயம், பல்லாங்குழி, கேரம், சதுரங்கம் ஆகியவற்றை வகுப்பறைகளில் பரப்பி, பெற்றோரையும் உற்றாரையும் அழைத்து, பிள்ளைகளோடு ஒரு பிற்பகல் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அதில் சேரும் பணம் ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறது. வாசிப்பதிலும் எழுதுவதிலும் திணறும் பிள்ளைகளுக்காக, அதாவது டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காக, இப்படி ஒரு நாளை நடத்த விரும்புகிறவர்களுக்கு உதவியாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லுமுன் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் பணம் சேர்க்கிறவர்களே யாருக்காகச் சேர்க்கிறோம் என்று சரியாக அறியாமல், நல்ல மனதோடு அந்தப் பிள்ளையை இன்னும் புண்படுத்திவிடக் கூடும்.

டிஸ்லெக்சியா என்பது புத்திக்குறைவு அல்ல, சோம்பலும் அல்ல, வளர்ப்பில் வந்த கோளாறும் அல்ல. மருந்து கொடுத்துத் தீர்க்கும் வியாதியும் அல்ல. பிள்ளை நன்றாகப் பேசும், கதை சொன்னால் புரிந்துகொள்ளும், கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும். ஆனால் அச்சிட்ட ஒரு பக்கத்தை முன்னால் வைத்தால் தடுமாறும். ஒரு வரியை விட்டு மறு வரிக்குப் போகும், முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்லும், நேற்று எழுதிய சொல்லை இன்று வேறு விதமாய் எழுதும். இத்தடுமாற்றம் பல குடும்பங்களில் தலைமுறையாகவே வருகிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர் வரை இப்படி இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் முதலில் அழைத்துப் போவது கண் வைத்தியரிடம்தான். அது இயல்பே, வாசிப்பது கண்ணால்தானே? இந்த விஷயத்தின் சரித்திரமும் கண் வைத்தியர்களிடமிருந்தே தொடங்குகிறது. டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887-ம் ஆண்டில் உண்டாக்கிய ருடால்ஃப் பெர்லின் ஜெர்மனி தேசத்துக் கண் வைத்தியர். மூளை நோயினால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றி அவர் எழுதினார். பிறவியிலேயே இத்தடுமாற்றம் உள்ள ஒரு பிள்ளையைப் பற்றி முதன்முதல் தெளிவாய் எழுதியவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் ஸீஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் இருந்த டாக்டர் பிரிங்கிள் மார்கன். 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பெர்சி என்ற அந்தப் பையனுக்கு வயது 14. கணக்கு நன்றாக வரும், கண்ணில் குறையில்லை, விளையாட்டிலும் மற்றவர்களுக்குக் குறைந்தவனல்ல. ஆனால் தன் சொந்தப் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான், சுட்டிக்காட்டும் வரை அவனுக்கு அது தெரியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக டாக்டர் குறித்திருக்கிறார். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், இன்று ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவேதான்.

கண்ணையும் காதையும் முதலில் பரிசோதிக்க வேண்டியது அவசியம்; அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் டிஸ்லெக்சியாவின் வேர் கண்ணில் இல்லை. பேச்சின் ஒலிகளைத் துண்டுதுண்டாகப் பிரித்து உணர்ந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தோடு இணைக்கும் வேலையில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கிறது. 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்து 'க'வை வை என்றால் மற்றப் பிள்ளைகள் உடனே 'கரம்' என்பார்கள். இந்தப் பிள்ளை நெடுநேரம் யோசிக்கும். சொல் காதில் விழாமல் இல்லை. அது அவனுக்கு ஒரே கட்டியாய் விழுகிறது, உடைத்துப் பார்க்க வரவில்லை. ஆகவே நிறக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், கண் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களும் கண் வைத்தியர்களும் சேர்ந்து 2009-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இவற்றுக்குப் போதிய ஆதாரமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் காணிக்கைப் பணம் அந்தக் கண்ணாடிகளுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள தொல்லை, தமிழ் எழுதியபடியே வாசிக்கும் மொழியாதலால் நம் பிள்ளைகளுக்கு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பொருத்தம் குறைவு; ஆகையால் அங்கே பிழைகள் அதிகம் தெரியும். தமிழில் பொருத்தம் அதிகம். இங்கே பிழையைக் காட்டிலும் வாசிப்பின் மந்தகதியே பெரிதாய்த் தெரியும். ஆனால் தமிழுக்கும் தனக்கே உரிய மேடுபள்ளங்கள் உண்டு. மொத்தம் 247 எழுத்துகள். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம், நடுவில் எழுத்து. ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண'. இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு சுழி. ல, ள, ழ மூன்றும் பல ஊர்களில் பேச்சில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. காதுக்கு எட்டாத வேறுபாட்டைக் கை எப்படி எழுதும்? 'க' என்ற ஒரே எழுத்து 'கல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து, ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளைப் பொது விதிக்குக் கொண்டுவந்தது. துதிக்கை வைத்த பழைய 'லை'யை எழுதிப் பழகிய பெரியவர்கள் அப்போது முணுமுணுத்தார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு அது செய்த உபகாரத்தை யாரும் அப்போது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது ஓய்வுநாள் பள்ளியை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வட்டமாய் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனமாக வாசித்து வருகிறார்கள். தன் முறை வருமுன்னே தன் வசனத்தை எண்ணிக் கண்டுபிடித்து, மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து, நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று அங்கே இருக்கக்கூடும். அதுவே பின்பு வயிற்றுவலி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்கிவிடுகிறது. வயிற்றுவலி பொய்யல்ல, உண்மையாகவே வலிக்கிறது. வாசிப்பதைக் கட்டாயமாக்காமல், விரும்பும் பிள்ளையை மட்டும் வாசிக்கச் சொல்வதற்குக் காசு எதுவும் செலவாகாது. இதை ஆசிரியர்களாகிய நம் ஆதரவாளர்களுக்கு நன்கொடைக்கு முன்பாகவே சொல்ல விரும்புகிறோம்.

விளையாட்டு நாளுக்கு வருவோம்.

இந்த நாளின் நன்மை பணத்தில் மட்டும் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் எப்போதும் தோற்கிற பிள்ளை, அதே வகுப்பறையில், அதே தோழர்களுக்கு முன்னால், ஒரு முறையாவது ஜெயிக்கக் கூடிய இடம் அது. ஆகவே எந்த விளையாட்டைத் தெரிந்துகொள்கிறோம் என்பது முக்கியம். டிஸ்லெக்சியாவுக்கு உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிளை நடுமேசையில் வைப்பது எவ்வளவு பொருத்தமற்றது! அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரட் பட்ஸ் 1938-ல் உருவாக்கிய அருமையான விளையாட்டுதான் அது. ஆனால் யாருக்காக நாளையே நடத்துகிறோமோ அந்தப் பிள்ளையை அது மறுபடியும் எழுத்துக்கூட்டல் பரீட்சையில் உட்கார வைக்கும்.

பாம்பும் ஏணியும் நம் தேசத்திலிருந்து போய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துப் பிள்ளைகளின் விளையாட்டாக ஆனது. அதில் திறமைக்கே இடமில்லை. எல்லாம் விழுகிற எண்ணைப் பொறுத்தது. அதுவே அதன் சிறப்பு. முதல் மதிப்பெண் வாங்குகிறவனும் கடைசி பெஞ்சில் இருக்கிறவனும் அந்தப் பலகையில் சரிசமம். சின்ன வகுப்புகளுக்கு இது போதும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. படிக்க ஒரு எழுத்துமில்லை, யோசிக்க ஏராளம் உண்டு. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளும் எண்ணிக் கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கும். பாட்டிமார்களை அந்த மேசைக்குப் பொறுப்பாக வையுங்கள். கூட்டம் அங்கேதான் சேரும். கேரமைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. சதுரங்கத்துக்கோ, 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு, நம் பள்ளிகளில் தனி மதிப்பே வந்திருக்கிறது.

தாயக்கட்டை உருட்டுவதைச் சூது என்று எண்ணி மனவருத்தப்படும் மூப்பர்கள் சில சபைகளில் உண்டு. அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்று முதல் ஆறு வரை எழுதிய சீட்டுகளைப் பையில் போட்டு எடுத்தாலும் பலகை ஓடும். ஆனால் நுழைவுச் சீட்டுக்கு எண் கொடுத்துக் குலுக்கல் பரிசு வைப்பதை மட்டும் அடியோடு தவிர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதன் சாயல்கூட ஒரு பள்ளிக்கூடத்து நற்பணியின்மேல் விழவேண்டியதில்லை.

பணம் சேர்ப்பதற்கு நாங்கள் சிபாரிசு செய்யும் முறை எளிதானது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டார் என்று ஐந்து பேரிடம் போகிறது. 'நான் விளையாடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து ரூபாய் கொடுப்பீர்களா?' என்று கேட்கிறது. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஆறு ஆட்டம், ஐந்து பேரிடம் வாக்கு. கணக்குப் போட்டால் ஒரு வகுப்பிலேயே 12,000 ரூபாய். இதில் கவனிக்க வேண்டியது, பணம் ஆடிய ஆட்டத்துக்கே, ஜெயித்த ஆட்டத்துக்கு அல்ல. ஆறிலும் தோற்றவனும் ஆறிலும் வென்றவனும் ஒரே தொகையைக் கொண்டுவருவார்கள். பரிசுக் கோப்பைகளுக்குச் செலவழிக்கும் பணத்தையும் மிச்சப்படுத்தி அதோடு சேர்த்துவிடலாம்.

வேறு சில சின்ன ஏற்பாடுகளும் உண்டு. விதிகளைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்காமல், ஒரு ஆட்டத்தை ஆடிக் காட்டி விளக்குங்கள். கடிகாரம் வைத்து அவசரப்படுத்த வேண்டாம். மதிப்பெண் எழுதும் வேலையை, கேட்டு முன்வராத பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமானது: 'இதோ, இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்' என்று யாரையும் மேடையில் நிறுத்த வேண்டாம். புகைப்படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். கொடுக்கிறவர்களுக்கு ஒரு முகத்தைக் காட்டினால் பணம் கூடுதலாய்ச் சேரும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. நம்மைப் போன்ற பத்திரிகைகள் காலகாலமாய் அதைத்தானே செய்து வந்தன! ஆனால் அந்தப் பிள்ளை மறுநாள் காலை அதே வகுப்பில் போய் உட்காரவேண்டும்.

விளையாட்டால் டிஸ்லெக்சியா குணமாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளையாட்டு எதைக் கற்றுக்கொடுக்கும் என்பது பலகையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வசதி குறைந்த வீடுகளைச் சேர்ந்த நான்கைந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாய் எழுதிய பலகையைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எண் இல்லாமல் நிறங்கள் மட்டும் உள்ள பலகை. இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, முறைக்குச் சுமார் பதினைந்து நிமிஷம், அவ்வளவே. எண் பலகையில் ஆடியவர்களுக்கு எண்ணறிவு கூடியது. நிறப்பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. இது எண்ணைப் பற்றிய ஆய்வு, வாசிப்பைப் பற்றியதல்ல. இருந்தாலும், பலகையில் இருப்பதைக் காய் நகர்த்தும்போதே வாய்விட்டுச் சொல்வதில் ஒரு பலன் உண்டென்று இதிலிருந்து ஊகிக்கலாம். 'மரம், கரம், வரம், சரம்' என்று முதல் எழுத்தை மாற்றிச் சொல்லி ஒரு கட்டம் முன்னேறும் பலகையை ஒரு சாட்டில் வரைந்துவிடலாம். அதை விளையாட்டு நாளில் வைக்காதீர்கள். தனிப்பயிற்சி ஆசிரியரின் அறையில், அவரும் பிள்ளையும் மட்டும் ஆட வையுங்கள்.

அந்த ஆசிரியரிடம்தான் காரியம் முழுவதும் இருக்கிறது. ஒலியையும் எழுத்தையும் ஒழுங்காக, படிப்படியாக, திரும்பத் திரும்ப, கண்ணாலும் காதாலும் வாயாலும் கையாலும் சேர்த்துப் பழக்குவதே இதற்கென்று கண்ட வழி. அமெரிக்காவில் டாக்டர் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாம் அம்மையாரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு ஒரு முறையை வகுத்தார்கள். அவ்வழியில் நடக்கும் வகுப்புகளில் தட்டில் மணலைப் பரப்பி, எழுத்தை விரலால் எழுதி, அதன் ஒலியைச் சொல்ல வைப்பார்கள். இதைக் கேட்டதும் நம் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'ஆனா, ஆவன்னா' மணலில் எழுதித்தானே படித்தார்கள்? 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைப் பையன்களின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற குருவானவர் ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அங்கே அது பெயர் பெற்றது. டிஸ்லெக்சியா ஆசிரியர்கள் மணல் தட்டை அங்கிருந்து எடுத்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மணலுக்குச் செலவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

செலவு ஆசிரியருக்குத்தான். அதிலும் பயிற்சிக்கு. சென்னையில் 1991-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் பள்ளி ஆசிரியர்களுக்கு இப்பயிற்சியைக் கொடுக்கின்றன. ஒரு ஆசிரியரை அனுப்பினால், அவர் திரும்பி வந்து வருஷா வருஷம் பிள்ளைகளைக் கைதூக்கி விடுவார். ஆகவே சேரும் தொகையை அட்டைகள், படங்கள், பொம்மைகள் என்று சிதறவிடாமல், முதலில் ஒரு ஆசிரியரின் பயிற்சிக்கும், அடுத்து ஏழைப் பிள்ளைகளின் பரிசோதனைக் கட்டணத்துக்கும் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பரிசோதனை ஏன் வேண்டும் என்றால், சான்றிதழுக்காக. 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே அங்கீகரித்தது. இது அதில் இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. சான்றிதழ் உள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகள் கிடைக்கின்றன. நகரத்துப் பெரிய பள்ளிகளில் பெற்றோர் இதை அறிந்து கேட்டு வாங்குகிறார்கள். கிராமத்துப் பள்ளியில் இதே தடுமாற்றம் உள்ள பிள்ளை எட்டாம் வகுப்போடு மெக்கானிக் கடைக்குப் போய்விடுகிறது. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டாரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். உங்கள் பணம் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான்.

2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துக்குப் பிறகு இந்தக் குறைபாட்டின் பெயராவது பலருக்குத் தெரிந்திருக்கிறது. அதோடுகூட, டிஸ்லெக்சியா உள்ளவர்கள் எல்லாரும் மேதைகள், ஐன்ஸ்டீனும் அப்படித்தான் என்ற பேச்சும் பரவிவிட்டது. ஐன்ஸ்டீனைப் பற்றிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூ தமக்கு இலேசான டிஸ்லெக்சியா உண்டென்று 1996-ல் தாமே சொன்னது உண்மை. ஆனால் ஒரு பிள்ளை உதவி பெறுவதற்கு லீ குவான் யூவாக ஆகவேண்டியதில்லை. பேருந்தின் பலகையை வாசித்து ஏறவும், மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ளவும், ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மற்றவர்களோடு பாடவும் முடிந்தால் போதும்.

விளையாட்டு நாள் முடிந்தபின் இரண்டு வேலைகள் மீதியிருக்கும். ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கை, பிள்ளைகளின் பெயர் இல்லாமல், அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அட்டையில் வாக்குக் கொடுத்த அத்தைமார்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பலகைகளையும் காய்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல், மழை நாளில் வெளியே போக முடியாத பிள்ளைகள் எடுத்து ஆடும்படி வகுப்பறையிலேயே விட்டுவையுங்கள்.